பதினேழாம் நம்பர் சிவப்பு அட்டை

பக்கத்து நாட்டிலிருந்து ஒரு பேராசிரியர் வந்திருந்தார். அவர்கள் நாட்டில் எங்களைப் போல மூன்று மடங்கு கூட்டம் தெருவில் இறங்கியதாம், நாற்பது நாள் நகராமல் உட்கார்ந்ததாம், கடைசியில் அடி வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனதுதான் மிச்சமாம். "உங்க நாட்டுல மட்டும் ஆட்சி எப்படிக் கவுந்துச்சு?" என்று ஒவ்வொருவரிடமும் கேட்டுக்கொண்டிருந்தார். யாரோ எங்கள் சப்ஸ்டேஷனைக் கைகாட்டிவிட, டேப் ரிக்கார்டரும் கையுமாக, என்னோடு ஷிப்டு பார்க்கிற அக்கா முன்னால் வந்து உட்கார்ந்தார். அக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "எனக்கு அதெல்லாம் தெரியாதுங்க. பேனல் மேல சாயாம உக்காருங்க" என்றாள். அரை மணி நேரத்தில் மனுஷன் மூட்டை கட்டிவிட்டார்.

அவர் போன பிறகு எனக்குத்தான் மனசு ஆறவில்லை. டிவியில் வருகிற படித்தவர்கள் விலைவாசி என்கிறார்கள், ராணுவத்துக்குள் பிளவு என்கிறார்கள், வெளிநாட்டுக் கை என்கிறார்கள். எல்லாமே உண்மையாக இருக்கலாம். ஒரு அட்டை அரசாங்கத்தைக் கவிழ்த்தது என்று யாராவது சொன்னால் நானே சிரிப்பேன். ஆனால் இதே நாட்டில், இதே சதுக்கத்தில், அதற்குப் பதினோரு வருஷம் முன்னால் இதே அளவு கூட்டம் கூடித் தோற்றுப்போனது. இரண்டு தடவையும் நான் அந்த அறையில் இருந்தேன். என்ன வித்தியாசம் என்று என்னைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

அக்கா இருபத்தொரு வயதில் ஆபரேட்டராக வந்தவள். இப்போது ஐம்பத்தைந்து. பெண் பிள்ளைக்கு இந்த வேலை ஒத்துவராது என்று சொன்ன நாலு இன்ஜினியர்கள் ஓய்வு பெற்றுப் போய்விட்டார்கள்; அக்கா அதே நாற்காலியில் இருக்கிறாள். அந்த நாற்காலியின் ஒரு கால் குட்டை. அதற்குக் கீழே வைக்கும் காகித மடிப்பை வருஷத்துக்கு ஒரு முறை அவளே மாற்றுவாள். டிரான்ஸ்பார்மரின் உறுமலில் சின்ன மாற்றம் தெரிந்தாலும் சாப்பிட்ட கையோடு எழுந்து ஓடுவாள். லாக் புக்கில் அவள் எழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும், என்னுடையது கோழி கிளறின மாதிரி. வாய் கொஞ்சம் நீளம்தான். மேலதிகாரி என்றெல்லாம் பார்க்கமாட்டாள். நான் நேர் எதிர். அதிகாரி பேச்சை முடிப்பதற்குள் "ஆமாம் சார்" சொல்லிவிடுவேன். லைன்மேன்கள் எனக்கு வைத்த பெயர் ஆமாஞ்சாமி.

எங்கள் கன்ட்ரோல் ரூமைப் பற்றிச் சொல்ல வேண்டும். தடித்த சுவர், ஒரே ஒரு இரும்புக் கதவு, ஜன்னல் கிடையாது. பட்டப்பகலிலும் டியூப்லைட் எரியும். வெளியே மழையா வெயிலா என்பது அடுத்த ஷிப்டுக்கு வருகிறவன் சட்டையைப் பார்த்துத்தான் தெரியும். சுவர் நீளத்துக்குப் பேனல், அதில் வரிசையாகக் கைப்பிடிகள், ஒவ்வொன்றும் ஒரு லைன். பேனலுக்குப் பக்கத்தில் ஆணியில் இருபது சிவப்பு அட்டைகள் தொங்கும். லைனில் ஏறி ஒருவன் வேலை செய்தால், அந்த லைனை நிறுத்தி, கைப்பிடியில் ஒரு அட்டையை மாட்டி, அதில் அவன் பெயரை எழுத வேண்டும். வயர்லெஸ்ஸில் எல்லா ஸ்டேஷனுக்கும் கேட்கும்படி அட்டை நம்பரையும் பெயரையும் சொல்ல வேண்டும். அட்டை தொங்குகிற வரைக்கும் மந்திரியே வந்தாலும் அந்தக் கைப்பிடியைத் தொடக்கூடாது. மாட்டியவர்தான் எடுக்க வேண்டும். அவரால் முடியாமல் போனால், இரண்டாவது கையெழுத்துப் போட்டவர் எடுக்கலாம். எங்கள் ஷிப்டில் முதல் கையெழுத்து அக்கா, இரண்டாவது நான்.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஒரு அட்டையில் அக்கா வீட்டுக்காரர் பெயர் இருந்தது. அவர் லைன்மேன். சதுக்கத்தில் கூட்டம் கூடியிருந்த ஐந்தாம் நாள், டிவி கோபுரத்துக்குப் போகிற லைனில் கம்பி அறுந்து விழுந்தது. அவர் ஏறியிருந்தார். அன்று மாலை ஆறு மணிக்கு அதிபர் நாட்டு மக்களிடம் பேசுவதாக இருந்தது. அக்கா யார்டில் மீட்டர் பார்க்கப் போயிருந்த நேரம் மேலிடத்திலிருந்து போன் வந்தது. "எல்லாரும் இறங்கிட்டாங்க, சப்ளை குடு" என்றார்கள். நான் ஆமாம் சார் என்றேன். அட்டையை எடுத்தேன். கைப்பிடியைத் திருப்பினேன்.

அவர் இறங்கியிருக்கவில்லை. ஆறு மணிக்கு அதிபர் பேசினார், நெருக்கடி நிலை என்றார், ஏழு மணிக்குச் சதுக்கத்தில் சுட ஆரம்பித்தார்கள். விசாரணைக்கு வந்தவர்களே எனக்கு வழி சொல்லிக்கொடுத்தார்கள்: அட்டை காற்றில் விழுந்திருக்கலாம், ஆபரேட்டர் கவனிக்காமல் போயிருக்கலாம். நானும் அப்படியே எழுதிக்கொடுத்தேன். அக்கா பதினைந்து நாள் லீவு முடிந்து வந்தாள், நாற்காலிக் காலுக்குக் கீழே காகிதத்தைச் சரி செய்தாள், உட்கார்ந்தாள். மேலதிகாரி அவளுக்கு வேறு ஷிப்டு தருவதாகச் சொன்னபோது, "வேண்டாம், இவன்கூடவே இருக்கேன்" என்றாள். என்மேல் எவ்வளவு நம்பிக்கை என்று நினைத்துக்கொண்டேன். அன்றிலிருந்து பதினோரு வருஷம் அவள் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டேன். நல்ல தூக்கம் என்பது எனக்கு மறந்தே போயிருந்தது.

இனி அந்த நாளுக்கு வருகிறேன்.

சதுக்கத்தில் மறுபடியும் கூட்டம். ஒன்பதாம் நாள். லைன்மேன்கள் வேலைநிறுத்தத்தில் இருந்தார்கள். கூட்டம் பெருகக்கூடாது என்று செல்போனையும் இணையத்தையும் அரசாங்கமே நிறுத்தியிருந்தது. ஆகவே நாட்டில் எல்லாரையும் எட்டக்கூடிய வழி, ரேடியோவும் சேர்ந்து போகிற அந்த டிவி கோபுரம் ஒன்றுதான். அதிபர் மாலை ஆறு மணிக்குப் பேசுவார் என்று மத்தியானமே அறிவித்துவிட்டார்கள். என்ன பேசுவார் என்பது குழந்தைக்கும் தெரியும். பேசி முடித்ததும் என்ன நடக்கும் என்பதும் தெரியும்.

நாலு மணிக்கு அக்கா எழுந்தாள். கோபுர லைனின் கைப்பிடியைத் திருப்பி அணைத்தாள். பதினேழாம் நம்பர் அட்டையை ஆணியிலிருந்து எடுத்துப் பெயர் எழுத ஆரம்பித்தாள்.

"அக்கா, என்ன பண்றீங்க? லைன்ல யாரும் இல்லையே!"

"எனக்குத் தெரியாதா?"

எட்டிப் பார்த்தேன். அவள் தம்பியின் பெயர். அவனும் லைன்மேன்தான். வேலைநிறுத்தத்தில், கோபுரத்துக்குப் பக்கத்தில் இருக்கிற லைன் ஆபீஸில் மற்றவர்களோடு உட்கார்ந்திருந்தான்.

"தம்பி பேரையா எழுதுறீங்க? அவன்கிட்ட கேட்டீங்களா?"

"கேக்காம எழுத எனக்கு வேற யார் பேருடா இருக்கு?"

முப்பது வருஷத்தில் அக்கா ஒரு பொய் அட்டை மாட்டியதில்லை. எங்கள் தொழிலில் அதைவிடக் கேவலம் கிடையாது. ஒரு அட்டை பொய் என்று தெரிந்தால், நாளைக்கு நிஜ அட்டையையும் எவனாவது எடுத்துவிடுவான். அட்டையைக் கைப்பிடியில் மாட்டினாள். வயர்லெஸ்ஸை எடுத்தாள். "கோபுர லைன். சிவப்பு அட்டை பதினேழு. மேலே ஆள்" என்று சொல்லித் தம்பி பெயரையும் சொன்னாள்.

கோபுரத்துக்கு மூன்று வழியில் கரண்ட் போகும். எங்களுடையது ஒன்று, கிழக்கு ஸ்டேஷன் ஒன்று, மில் ஸ்டேஷன் ஒன்று. எங்களை மட்டும் நிறுத்தினால் மற்ற இரண்டும் தாங்கிக்கொள்ளும். அக்கா செய்தது தன் கழுத்தைத் தானே நீட்டின கதைதான், பிரயோஜனம் ஒன்றும் இல்லை என்று நினைத்தேன். பதினோரு வருஷத்துக்கு முன்னால் எங்கள் லைன் ஒன்றுதான் இருந்தது; அந்த நாளுக்குப் பிறகுதான் மற்ற இரண்டையும் இழுத்தார்கள்.

வயர்லெஸ் சும்மா இருந்தது. வழக்கமாக உடனே திருப்பிச் சொல்வார்கள். ஒரு நிமிஷம். இரண்டு நிமிஷம். லைன்மேன்கள் யாரும் வேலையில் இல்லை என்பது எல்லா ஸ்டேஷனுக்கும் தெரியும். பிறகு கிழக்கு ஸ்டேஷன் ஆபரேட்டர் கிழவரின் இருமல் கேட்டது. "கோபுர லைன், அட்டை பதினேழு, சரி" என்றார். கொஞ்சம் பொறுத்து, "கிழக்கிலிருந்து கோபுர லைன். சிவப்பு அட்டை நாலு. மேலே ஆள்" என்று ஒரு பெயரைச் சொன்னார். அவருடைய மருமகன் பெயர். இரண்டு நிமிஷத்தில் மில் ஸ்டேஷன்காரனும் ஒரு பெயரைச் சொன்னான். கோபுரம் முழுசாக இருண்டது. அங்கே ஜெனரேட்டர் உண்டு. ஆனால் அதற்கு வந்த டீசலை டிவி நிலைய மேனேஜர்கள் மாசக்கணக்கில் தங்கள் கார்களுக்கு ஊற்றி ஊர் சுற்றியிருந்தார்கள். பத்து நிமிஷம் ஓடி நின்றுவிட்டதாம்.

ஐந்து மணிக்கு இரும்புக் கதவைத் தட்டாமலே திறந்துகொண்டு ராணுவம் வந்தது. ஒரு கேப்டன், நாலு சிப்பாய்கள், முதுகில் போன் பெட்டியோடு இன்னொருவன். கேப்டனுக்கு நாற்பது வயது இருக்கும். மரியாதையாகத்தான் பேசினார்.

"அம்மா, இந்த அட்டையை எடுத்துட்டு சப்ளை குடுங்க."

"ஆள் மேல இருக்கான்."

"யாரு?"

"என் தம்பி."

கேப்டன் லேசாகச் சிரித்தார். "லைன்மேன் ஒருத்தரும் வேலைக்கு வரலை. உங்க தம்பி மட்டும் வந்துட்டாராக்கும்?"

"அட்டையில பேர் இருக்கு பாருங்க. படிக்கத் தெரியும்ல?"

அவளை வெளியே வராந்தாவில் உட்கார வைக்கச் சொன்னார். இரண்டு சிப்பாய்கள் தோளைப் பிடித்து இழுத்துப் போனார்கள். போகும்போது அவள் என்னைப் பார்த்தாள். கேப்டன் சுவரில் ஒட்டியிருந்த விதிமுறைத் தாளை நிதானமாகப் படித்தார். படித்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"ரெண்டாவது கையெழுத்து நீங்கதானே? எடுங்க."

நான் எழுந்து நின்றேன். இதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்: எனக்கு நல்ல சாக்கு இருந்தது. மேலே யாருமே இல்லை. இந்தத் தடவை எடுத்தால் ஒரு உயிரும் போகாது. லைன் ஆபீஸில் தம்பி உட்கார்ந்து சீட்டு விளையாடிக்கொண்டிருப்பான். அக்காவை நான் காட்டிக்கொடுத்தேன் என்றுகூட ஆகாது, பொய் அட்டைதானே. கேப்டன் கைத்துப்பாக்கியை எடுத்து லாக் புக் மேல் வைத்தார். மிரட்டவில்லை, சும்மா வைத்தார். என் கை தானாக நீண்டது. விரல் அட்டையைத் தொட்டது.

அட்டை அசைந்தது. அந்த அசைவு எனக்குப் பழக்கமானது. பதினோரு வருஷம் அது என் கனவில் அசைந்துகொண்டிருந்தது.

"ஆள் மேல இருக்காங்க சார்" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. கேப்டன் "என்ன?" என்றார். இரண்டாம் தடவை கத்திவிட்டேன். "ஆள் மேல இருக்காங்க சார்! எடுக்க முடியாது!"

கன்னத்தில் ஒரு அறை விழுந்தது. காது கொய்யென்றது. கேப்டன் ஒரு சிப்பாயிடம், "வெளிய போய் பைனாகுலர்ல பார். லைன்ல ஆள் இருக்கானா இல்லையான்னு பார்த்துட்டு வா. இல்லைன்னா இவங்க ரெண்டு பேரையும் வண்டியில ஏத்து" என்றார்.

அவ்வளவுதான், கதை முடிந்தது என்று சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கடிகாரம் ஐந்து முப்பத்தாறு. வீட்டுக்காரி ஞாபகம் வந்தது. காலையில் அவளோடு ஒன்றுமில்லாததற்குச் சண்டை போட்டுவிட்டு வந்திருந்தேன். ஐந்து நாற்பது. பூட்ஸ் சத்தம் கேட்டது. சிப்பாய் மூச்சு வாங்க வந்து நின்றான்.

"சார், ஒரு ஆள் இருக்கான் சார். கோபுரத்துக்கு முன்னாடி இருக்கிற கடைசி லைன் டவர்ல. உச்சியில கம்பியைப் பிடிச்சுட்டு உக்காந்திருக்கான்."

வராந்தாவில் அக்கா அலறினாள். "ஐயோ! பாவி, ஏண்டா ஏறுன!"

நடந்தது இவ்வளவுதான். வயர்லெஸ்ஸில் தன் பெயர் வந்ததை லைன் ஆபீஸில் இருந்த தம்பி கேட்டிருக்கிறான். வேறு யாராக இருந்தாலும், "நான் இங்கதானே இருக்கேன்" என்று திருப்பிக் கூப்பிட்டிருப்பார்கள். அவனுக்குத் தெரியும், அவன் அக்கா பொய் அட்டை மாட்டுகிறவள் இல்லை. மாட்டிவிட்டாள் என்றால் அதைப் பொய்யாக விடக்கூடாது. ஒன்றும் பேசாமல் எழுந்து, இடுப்பு பெல்ட்டைக் கட்டிக்கொண்டு, தனியாகப் போய் ஏறிவிட்டான். ஏறுகிறவனைக் காப்பாற்ற லைனைத் தரையோடு பிணைக்கிற சங்கிலி உண்டு. அதை மாட்ட இரண்டு பேர் வேண்டும். அவன் யாரையும் கூப்பிடவில்லை.

தரையில் உட்கார்ந்துவிட்டேன். என் விரல் இன்னும் ஒரு அங்குலம் நகர்ந்திருந்தால் அந்தக் குடும்பத்தில் இரண்டாவது ஆளையும் இதே கையால் கொன்றிருப்பேன்.

போன் பெட்டி அலறியது. கேப்டன் எடுத்தார். மறுமுனையில் கத்தியது எனக்கே கேட்டது. சப்ளை எங்கே, பதினைந்து நிமிஷம்தான் இருக்கிறது, போடு, போடு. கேப்டன் ஒரு கையால் போனைப் பொத்திக்கொண்டு என்னிடம் குனிந்தார்.

"இதைத் திருப்பினா அவனுக்கு என்ன ஆகும்?"

சொன்னேன். பதினோரு வருஷத்துக்கு முன்னால் யார்டுக்கு வெளியே சாக்கில் சுற்றிக் கொண்டுவந்ததை என்ன நிறத்தில் பார்த்தேன், கையில் இருந்த கடிகாரம் எப்படி ஒட்டிப்போயிருந்தது, எல்லாவற்றையும் சொன்னேன். கேப்டன் கைப்பிடியைப் பார்த்தார். சிப்பாய்களைப் பார்த்தார். ஒருத்தனும் அவரைப் பார்க்கவில்லை, எல்லாரும் தரையைப் பார்த்தார்கள்.

அப்போது வயர்லெஸ்ஸில் மில் ஸ்டேஷன்காரனின் குரல் வந்தது. பக்கத்தில் யாரோ அவனை மிரட்டுவது கேட்டது. ஆனாலும் தெளிவாகச் சொன்னான்: "மில் ஸ்டேஷன். அட்டை இன்னும் தொங்குது." உடனே கிழக்கு ஸ்டேஷன் கிழவர் இருமிவிட்டு, "கிழக்கு. தொங்குது" என்றார். கேப்டன் அதைக் கேட்டபடி நின்றார். அந்த இரண்டு ஸ்டேஷனிலும் அவரைப் போல ஒரு கேப்டன் நிற்கிறார், அவர்களும் இன்னும் திருப்பவில்லை என்பது அந்த நிமிஷம் அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். பேராசிரியர் தேடி வந்தது இதுதான் என்று நினைக்கிறேன். தனியாக ஒருவனை நிறுத்திப் போடு என்றால் போட்டுவிடுவான். நான் போட்டவன், எனக்குத் தெரியும். இன்னொருவனும் போடவில்லை என்று காதில் விழுந்தால்தான் கை கொஞ்சம் தயங்கும்.

கேப்டன் போனிலிருந்து கையை எடுத்தார். "சார், ஆள் மேல இருக்கான் சார்" என்றார். மறுபடியும் கத்தல். "ஆள் மேல இருக்கான் சார்." மூன்றாம் தடவையும் அதையே சொன்னார். பிறகு போனைக் கீழே வைத்துவிட்டு அக்காவின் நாற்காலியில் உட்கார்ந்தார். துப்பாக்கியை எடுத்து உறையில் போட்டார். ஆறு மணி ஆனது.

அதிபர் தன் மாளிகையில் முகத்துக்குப் பவுடர் போட்டுக்கொண்டு கேமரா முன்னால் முழுப் பேச்சையும் பேசினாராம். ஒருத்தருக்கும் போய்ச் சேரவில்லை. நாடு முழுக்க டிவி முன்னால் காத்திருந்தவர்கள் இருட்டுத் திரையைப் பார்த்து, ஆள் ஓடிவிட்டான் என்று முடிவு கட்டித் தெருவுக்கு வந்தார்கள். படை முகாம்களிலும் அதையேதான் நினைத்தார்கள். இரண்டு நாள் கழித்து அவர் நிஜமாகவே ஓடினார்.

ஆனால் அன்று மாலை எங்களுக்கு அதெல்லாம் தெரியாது. ஏழு மணிக்குக் கேப்டன் ஆட்களைக் கூட்டிக்கொண்டு போனார். அக்கா உள்ளே வந்தாள். ரவிக்கைக் கை கிழிந்திருந்தது. நேராக வந்து என் வீங்கின கன்னத்தைத் திருப்பிப் பார்த்தாள். என்னால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை.

"அக்கா, அன்னிக்கு அட்டை காத்துல விழலை. நான்தான் எடுத்தேன்."

"தெரியும்."

"எப்படி?"

"ஜன்னல் இல்லாத ரூம்ல ஏதுடா காத்து?"

பதினோரு வருஷம் அந்த அறையில் உட்கார்ந்தும் எனக்கு இது உறைக்கவில்லை. அழுதேன். அழுகையோடு, "அப்புறம் ஏன்க்கா என்கூடவே ஷிப்டு கேட்டீங்க?" என்றேன்.

"உன்னை வேற ஷிப்டுல விட்டா, நான் இல்லாத நேரத்துல நீ இந்தப் பேனல் பக்கத்துல இருப்ப. அதான்."

அவள் குரலில் கோபமும் இல்லை, மன்னிப்பும் இல்லை. தண்ணீர் குடித்தாள். எனக்கும் ஒரு டம்ளர் ஊற்றிக் கொடுத்தாள்.

ஏழரை மணிக்குத் தம்பி வந்தான். உள்ளங்கை இரண்டும் தோல் உரிந்து, உதடு வறண்டு, கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். அக்கா எழுந்து போய் அவனைப் பளாரென்று ஒன்று வைத்தாள். பிறகு கட்டிப்பிடித்துக்கொண்டு விடவே இல்லை. "விடுக்கா, பெல்ட்டு குத்துது" என்று அவன் சொல்லிக்கொண்டே இருந்தான்.

கைப்பிடியில் பதினேழாம் நம்பர் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. மாட்டியவர்தான் எடுக்க வேண்டும். அக்கா தம்பி தோளிலிருந்து தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள்.

"இப்ப எடு. அவன் இறங்கிட்டான்."

நான் தம்பிக்குப் பக்கத்தில் போய் அவன் கையைத் தொட்டுப் பார்த்தேன். சூடாக இருந்தது. அதற்குப் பிறகுதான் அட்டையை எடுத்தேன்.